சகோதரனைத் திருத்துவது: எங்கே, எப்போது, எந்த வார்த்தையில்

ஒருவர் தவறு செய்கிறார் என்று தெரிந்தால் அதை அவரிடமே போய் எடுத்துச் சொல்வது, விரும்பினால் செய்யலாம் என்று கிறிஸ்தவர்களுக்கு விடப்பட்ட காரியம் இல்லை. மோசேயின் நியாயப்பிரமாணத்திலேயே அது கட்டளையாக இருக்கிறது. "உன் சகோதரனை உன் உள்ளத்தில் பகையாயாக" (பகைக்காதே) என்று தொடங்குகிற லேவியராகமம் 19:17, அவனைக் கடிந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. அதற்கு அடுத்த வசனத்தில்தான் உன்னை நேசிப்பதுபோல் பிறனையும் நேசி என்ற கட்டளை வருகிறது. இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். மனதுக்குள் கசப்பை வைத்துக்கொண்டு, கோயில் வாசலில் "ஸ்தோத்திரம் அண்ணே" என்று கைகொடுப்பதை வேதம் அன்பில் சேர்க்கவில்லை.

எல்லாச் சபை மரபுகளிலும் இதற்கு இடம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை சொல்லித் தருகிற ஏழு ஆன்மீக இரக்கச் செயல்களில் பாவம் செய்கிறவரைத் திருத்துவதும் ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை அன்பின் செயல் என்றே விளக்கினார். மெதடிஸ்தரிடையே, அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் காலத்தில், 1742இல் பிரிஸ்டல் நகரில் தொடங்கிய வகுப்புக் கூட்டங்களில் ஏறத்தாழ 12 பேர் வாரந்தோறும் கூடி, ஒருவர் ஆத்தும நிலையை மற்றவர் விசாரித்தார்கள். இன்று இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில், நம் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நடக்கிற வீட்டு ஜெபக் கூட்டமும் ஏறக்குறைய அதே அளவுதான். போதனை நம்மிடம் குறையவில்லை, பழக்கம்தான் விட்டுப்போனது.

தோட்டத்துச் சபைகளில் இது இரண்டு விதமாகக் கெட்டுப்போகிறது. ஒன்று, யாரும் வாயே திறப்பதில்லை. பக்கத்துக் காம்பராக்காரர் (லயத்து அடுத்த வீட்டுக்காரர்), சம்பந்தி வீட்டுக்காரர், ஒரே மலையில் ஒன்றாகக் கொழுந்து எடுக்கிறவர் என்றால் முகத்தை முறித்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. மற்றது, பல மாதம் அடக்கிவைத்ததை ஒரே நாளில் எல்லார் முன்னாலும் கொட்டிவிடுவது. பிரசங்கத்தில் ஆளைப் பார்த்துக்கொண்டே குத்துவார்கள். "நம்ம நடுவுல இருக்கிற ஒரு சகோதரனை மன்னியும் ஆண்டவரே" என்று சத்தமாக ஜெபிப்பார்கள். வாலிபர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வசனத்தைப் போட்டுவிட்டு யாருக்கென்று சொல்லாமல் இருப்பார்கள். ஆனால் யாருக்கென்று எல்லாருக்கும் தெரியும்.

இந்த இரண்டாவது வழி நம் மக்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வலிக்கும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், எல்லார் காதிலும் விழ, துரையிடமும் கங்காணியிடமும் ஏச்சு வாங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் நம் ஆலயங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே நிற்கிறவர் கீழே நிற்கிறவரைக் கூட்டத்தில் சத்தம் போடுவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறோம். சபையிலும் அதே குரல் கேட்டால், சொன்ன விஷயம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த ஆள் உள்ளுக்குள் கதவைச் சாத்திவிடுவார். அடுத்த ஞாயிறு வரமாட்டார்.

எதற்காகச் சொல்கிறோம்

இயேசு இதற்குக் கொடுத்த ஒழுங்கு மத்தேயு 18:15-17இல் இருக்கிறது. முதல் படி, "நீயும் அவனும் தனித்திருக்கையில்" அவன் குற்றத்தை உணர்த்துவது. அவன் கேட்டால் கிடைக்கிற பலன், "உன் சகோதரனை ஆதாயப்படுத்திக்கொண்டாய்" என்பது. வாதத்தில் ஜெயிப்பது இங்கே கணக்கிலேயே இல்லை. இந்த வசனங்களுக்கு முன்னால் இருப்பது, 99 ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போகிற மேய்ப்பனின் உவமை. பின்னால் இருப்பது, எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்ட கேள்வியும், ஏழெழுபது தரம் என்ற பதிலும். தேடிப்போவதற்கும் மன்னிப்பதற்கும் நடுவில்தான் திருத்துதல் வைக்கப்பட்டிருக்கிறது. நடுப்பகுதியை மாத்திரம் வெட்டியெடுத்துச் சட்டப் புத்தகம்போல் பயன்படுத்துவதால்தான் பல சபைகள் உடைகின்றன.

போவதற்கு முன்

முதலில், அது உண்மையிலேயே பாவமா என்று பாருங்கள். தலையில் பூ வைப்பது, நகை போடுவது, கைதட்டிப் பாடுவது, லயமே சேர்ந்து பொங்கல் பொங்கும்போது போய் நிற்பது போன்றவற்றில் சபைக்குச் சபை, ஆளுக்கு ஆள் வேறு வேறு மனச்சாட்சி இருக்கிறது. சாப்பாட்டையும் நாட்களையும் பற்றி ரோமச் சபையில் வந்த சண்டைக்குப் பவுல் ரோமர் 14இல் எழுதிய பதில் இவற்றுக்கும் பொருந்தும்: ஒருவரை ஒருவர் குற்றவாளியாகத் தீர்க்காதீர்கள். புதிதாக இரட்சிக்கப்பட்ட ஒரு பிள்ளையிடம் முதல் மாதத்திலேயே பொட்டையும் பூவையும் பற்றிப் பேசி, பொய்யையும் புறங்கூறுதலையும் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவது தலைகீழ் வேலை.

அடுத்து, நான் பார்த்தேனா, கேள்விப்பட்டேனா? கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கேட்டது, தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் கேட்டது, போனில் வந்தது எதுவும் போய்த் திருத்தப் போதாது. கேள்விப்பட்டது மட்டும்தான் என்றால், "இப்படி ஒரு பேச்சு வருது, உண்மையான்னு தெரியல, அதான் உங்ககிட்டயே கேக்க வந்தேன்" என்று கேட்பதோடு நிறுத்துங்கள்.

சிறு குறைகளைச் சொல்லாமலே விட்டுவிடலாம். குற்றத்தை மன்னித்து விடுவது மனுஷனுக்கு மகிமை என்கிறது நீதிமொழிகள் 19:11. அன்பு திரளான பாவங்களை மூடும் என்கிறார் பேதுரு. ஒரு நாள் கோபத்தில் வந்த வார்த்தை, கூட்டத்துக்குப் பிந்தி வந்தது, சமையலில் உதவாமல் போனது போன்றவற்றை மூடிவிடுங்கள். ஆனால் அந்தத் தவறு அவரைக் கெடுக்கிறது, அல்லது இன்னொருவரைத் தாக்குகிறது, அல்லது உங்கள் இருவர் நடுவில் சுவராக நிற்கிறது என்றால் மூடி வைப்பது அன்பாகாது.

பிறகு உத்திரம். சகோதரன் கண்ணிலுள்ள துரும்பைப் பார்க்குமுன் உன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடு என்று மத்தேயு 7இல் இயேசு சொன்னதைப் பலர் "மற்றவர் விஷயத்தில் தலையிடாதே" என்று எடுத்துக்கொள்கிறார்கள். வசனம் அங்கே நிற்கவில்லை. உத்திரத்தை எடுத்த பிறகு துரும்பை எடுத்துப்போட வகை பார் என்று முடிகிறது. கண்ணில் விழுந்த துரும்பு வலிக்கத்தான் செய்யும், யாராவது எடுத்துவிட வேண்டும். எடுக்கிறவருக்குப் பார்வை தெளிவாக இருக்க வேண்டும், கை மெதுவாக இருக்க வேண்டும்.

நடைமுறையில் உங்களைச் சோதிக்க இரண்டு அடையாளங்கள் போதும். இதைப் பற்றி ஏற்கனவே வேறு யாரிடமாவது பேசிவிட்டீர்களா? பேசியிருந்தால் முதலில் அவரிடம் போய், இனி அதைப் பற்றிப் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். போய்ச் சொல்லப் போவதை நினைத்தால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வருகிறதா? அப்படியானால் நீங்கள் இன்னும் தயாராகவில்லை. அழுகை வருகிறது, தயக்கமாக இருக்கிறது, அவருக்காக ஜெபித்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் போகலாம். அதற்காக மாதக்கணக்கில் இழுத்தடிக்கவும் வேண்டாம். சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணிய வேண்டும் என்று எபேசியர் 4:26 சொல்கிறது. கோபம் இன்றே தணியட்டும். பேச்சு ஓரிரு நாள் பொறுக்கலாம்.

"தனித்து" என்றால் லயத்தில் எங்கே?

இங்கேதான் மலையகத்துக்கென்று ஒரு கஷ்டம் இருக்கிறது. பழைய லயத்தில் இரண்டு காம்பராக்களுக்கு நடுவில் ஒரே சுவர். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். வீட்டுக்குள் உட்கார்ந்து "தனியாக" பேசினால் அது மூன்று குடும்பத்துக்கு முன்னால் பேசியதுபோல்தான். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள். மடுவமும் பீலியும் சொல்லவே வேண்டாம்.

நல்ல வழி, நடந்துகொண்டே பேசுவது. ஆராதனை முடிந்து இறங்கும்போது மற்றவர்களை முன்னால் போகவிட்டுச் சேர்ந்து நடக்கலாம். டவுனுக்குப் போய்விட்டு பஸ் இறங்கி மேலே ஏறும்போது பேசலாம். மரக்கறித் தோட்டத்தில் அவர் வேலை செய்யும்போது போய்க் கூடமாட உதவிக்கொண்டே பேசலாம். முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை என்பதால் நடக்கும்போது கேட்பவருக்கும் இலகு. சம்பள நாள் மாலை வேண்டாம். மலையிலிருந்து நனைந்து களைத்து இறங்கிய நேரமும் வேண்டாம். அவருடைய பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது ஒருபோதும் வேண்டாம்.

ஆணும் பெண்ணும் என்றால் பெண்ணோடு பெண்ணே பேசுவது நல்லது. இளம் பெண்களுக்குப் புத்திசொல்லும்போது "எல்லாக் கற்புடன்" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைப் போதகர்களும் உபதேசிமாரும் மனதில் வைக்க வேண்டும்.

கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்கிறவர் என்றால் போனில் பேசுங்கள். குரல் பதிவு அனுப்பாதீர்கள். அனுப்பிய பதிவு யார் யார் காதுக்குப் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. "பக்கத்துல ஆள் இருக்காங்களா, பிறகு எடுக்கவா?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன வார்த்தையில்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நத்தார் காலத்தில் வீடு வீடாகக் கரோல் போனதில் 18,500 ரூபாய் சேர்ந்தது. எண்ணும்போது நீங்களும் இருந்தீர்கள். ஜனவரியில் கணக்குப் புத்தகத்தில் 15,000 என்று எழுதியிருக்கிறது. பொருளாளர் உங்களைவிட மூத்தவர்.

"அண்ணே, பணத்த என்ன செஞ்சீங்க? எல்லாரும் பேசிக்கிறாங்க" என்று ஆரம்பித்தால் அந்த ஒரு வரியிலேயே மூன்று பிழை. குற்றத்தை முடிவு செய்துவிட்டீர்கள், மானத்தைத் தொட்டுவிட்டீர்கள், "எல்லாரும்" என்று ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு அவர் "யார் பேசுறது, பேரைச் சொல்லு" என்றுதான் கேட்பார். பேச்சு பணத்தை விட்டுப் போய்விடும்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, கரோல் காசு எண்ணுறப்ப நானும் இருந்தேன். 18,500 வந்துச்சு. புத்தகத்துல 15,000 இருக்கு. எனக்கு விளங்கல, அதான் வேற யார்கிட்டயும் கேக்காம உங்ககிட்டயே கேக்குறேன்." அவ்வளவுதான். பார்த்ததைச் சொன்னீர்கள், தொகையைச் சொன்னீர்கள், வேறு யாருக்கும் தெரியாது என்பதையும் சொன்னீர்கள். இனி வாயை மூடிக்கொள்ளுங்கள். மௌனம் நீண்டால் நீண்டுபோகட்டும், அதை நீங்கள் நிரப்ப வேண்டாம். கேட்கத் தீவிரமாகவும் பேசப் பொறுமையாகவும் இருக்கச் சொன்ன யாக்கோபு 1:19 இந்த நிமிஷத்துக்குத்தான் வேண்டும்.

அவர், "சவுண்ட்காரனுக்கு 3,500 குடுத்த பில்லு என் பையில இருக்கு, எழுத மறந்துட்டேன்" என்று சொல்லலாம். அப்படியானால் உடனே மன்னிப்புக் கேளுங்கள். அல்லது தலையைக் குனிந்துகொண்டு, "பிள்ளைக்கு மருந்து வாங்க எடுத்தேன் தம்பி, திருப்பி வைக்க முடியல" என்று சொல்லலாம். அப்போது "நான் அப்பவே நினைச்சேன்" என்ற வார்த்தை உங்கள் வாயில் வரவே கூடாது. "சரிண்ணே, இத எப்படிச் சரி செய்யலாம்?" என்று அடுத்ததற்குப் போங்கள். மாதம் 500 வைத்தால் ஏழு மாதத்தில் முடியும். போதகர் ஐயாவிடமும் சபைக் குழுவிடமும் அவரே போய்ச் சொல்லட்டும், நீங்கள் கூடப் போங்கள். அது சபைப் பணம், மறைத்துவைக்க உங்கள் இருவருக்கும் உரிமை இல்லை.

"எப்பவும்", "ஒருநாளும்", "உங்க குடும்பமே அப்படித்தான்", "நீங்கல்லாம் ஒரு விசுவாசியா" ஆகிய நான்கையும் கூடவே எடுத்துப் போகாதீர்கள். செய்ததைப் பற்றிப் பேசுங்கள், ஆளைப் பற்றி வேண்டாம். ஒரு சந்திப்பில் ஒரு விஷயம் மட்டும். வசனத்தை எறியவும் வேண்டாம். ஒரு வசனம் சொல்லத்தான் வேண்டுமென்றால் அது உங்களையும் பிடிக்கிற வசனமாக இருக்கட்டும்.

மூத்தவரிடம் பேசும் முறை தனி. முதிர்ந்தவரைக் கடிந்துகொள்ளாமல் தகப்பனைப்போல் பாவித்துப் புத்திசொல்லு என்று 1 தீமோத்தேயு 5:1 சொல்கிறது. நம் பெரியவர்களுக்குக் கேள்வியாகவோ யோசனை கேட்பதாகவோ வைத்தால் எடுத்துக்கொள்வார்கள். உரியாவின் மனைவி பத்சேபாளைத் தாவீது ராஜா எடுத்துக்கொண்ட பாவத்துக்காக நாத்தான் தீர்க்கதரிசி அவரிடம் போனபோதும் நேராகப் பத்சேபாள் பெயரை எடுக்கவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய ஐசுவரியவான் கதையைச் சொன்னார். கோபப்பட்டுத் தீர்ப்புச் சொன்னது தாவீதுதான். அதன் பிறகே "நீயே அந்த மனுஷன்" என்ற வார்த்தை வந்தது. நாத்தான் அதோடு விலகிப் போகவும் இல்லை. தாவீதின் கிழ வயதில், சாலொமோன் அரியணை ஏறும் நேரத்திலும் அவர் அருகில் இருக்கிறார். பத்சேபாளின் மகன்களில் ஒருவன் பெயரும் நாத்தான் என்று 1 நாளாகமம் 3:5இல் வாசிக்கிறோம். தீர்க்கதரிசியின் பெயரைத்தான் வைத்தார்கள் என்று வேதம் சொல்லவில்லை, ஆனாலும் அந்த வீட்டில் அந்தப் பெயர் கசக்கவில்லை.

பிரசங்கம் செய்கிற வாலிபர் பிழையாகப் போதித்தால், ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் செய்ததைப் பாருங்கள். அப்பொல்லோ ஜெப ஆலயத்தில் வெளிப்படையாகப் பேசினான், அவனுக்குத் தெரிந்தது அரைகுறை. இவர்கள் எழுந்து நின்று மறுக்கவில்லை. அவனைச் சேர்த்துக்கொண்டு, அதிகத் திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள் என்கிறது அப்போஸ்தலர் 18:26. பவுல் மட்டும் அந்தியோகியாவில் பேதுருவை எல்லார் முன்னும் கண்டித்தாரே என்று கேட்கலாம். அங்கே பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிடுவதை விட்டு விலகியதைப் பார்த்து பர்னபாவும் மற்ற யூதர்களும் விலகினார்கள். பந்தியே இரண்டாகப் பிரிந்தது. தீங்கு வெளியில் பரவிக்கொண்டிருந்ததால் பதிலும் வெளியில் வர வேண்டியிருந்தது. அறியாமையா, ஆளைப் பிரிக்கிற நடத்தையா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் எங்கே பேசுவது என்பதும் தெரியும்.

கேட்கவில்லை என்றால்

ஒரே தடவையில் கேட்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு வாரம் விட்டு இன்னொரு தரம் போகலாம். அதன் பிறகும் மறுத்தால் இரண்டாவது படி, ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போவது. இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கினால் காரியம் நிலைவரப்பட வேண்டும் என்ற உபாகமம் 19:15இன் ஒழுங்கு இது. அவர்கள் உங்கள் பக்கம் பேச வருகிறவர்கள் இல்லை. நீங்கள் பிழை என்று கண்டால் உங்களையும் திருத்த அவர்களுக்கு உரிமை உண்டு. ஆளைத் தெரிவதுதான் நம்மிடம் சிக்கல். தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் செய்ய 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் காலத்திலிருந்தே தோட்டத்துச் சபைகள் சிறியவை, பாதிப் பேர் உறவுக்காரர். உங்கள் மச்சானையும் சித்தப்பாவையும் கூட்டிப்போனால் அது குடும்பச் சண்டையாகிவிடும். இருவருக்கும் பொதுவானவர், வாயடக்கம் உள்ளவர் வேண்டும். தேவைப்பட்டால் அடுத்த தோட்டத்துச் சபையிலிருந்து ஒரு பெரியவரைக் கேளுங்கள். தோட்டத் தலைவரையும் தொழிற்சங்கத்தையும் இதில் இழுக்காதீர்கள்.

மூன்றாவது, சபைக்குத் தெரியப்படுத்துவது. போதகர் அல்லது பங்குக் குரு, சபைக் குழு என்று உங்கள் சபையின் ஒழுங்குப்படி போக வேண்டும். வாட்ஸ்அப் குழு சபை ஆகாது. போதகர்மேலேயே குற்றச்சாட்டு என்றால் இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் எடுக்க வேண்டாம் என்று 1 தீமோத்தேயு 5:19 காவல் போடுகிறது. பாவம் உறுதியானால் வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டும் என்று அடுத்த வசனமே சொல்கிறது.

அதற்கும் கேட்காவிட்டால் அவர் "அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும்" (வரி வசூலிக்கிறவனைப்போலவும்) இருப்பார். ஒருவன் சகோதரன் என்ற பெயரை வைத்துக்கொண்டே பாவத்தில் நின்றால் அவனோடு சாப்பிடவும் வேண்டாம் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதும் உண்மை. எவ்வளவு தூரம் விலக்குவது என்பதில் சபைகள் வேறுபடுகின்றன. ஆனால் இந்த வார்த்தையை எழுதிவைத்த மத்தேயுவே ஆயத்துறையிலிருந்து அழைக்கப்பட்டவர், அவர் வீட்டுப் பந்தியில் இயேசு உட்கார்ந்தார். விலக்கப்பட்டவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் போக வேண்டும். பிள்ளைக்கு நோய் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக வேண்டும். அவனைச் சத்துருவாக எண்ணாமல் சகோதரனாக எண்ணிப் புத்திசொல்லுங்கள் என்ற 2 தெசலோனிக்கேயர் 3:15ஐ விட்டுவிட்டு ஒருவரையும் விலக்கக் கூடாது.

இந்த வழி பொருந்தாத இடம்

புருஷன் அடிக்கிறான் என்று ஒரு பெண் வந்து சொன்னால், "நீயும் அவனும் தனியாகப் பேசுங்கள்" என்று மத்தேயு 18ஐக் காட்டித் திருப்பி அனுப்பாதீர்கள். அது அவளை ஆபத்துக்குள் தள்ளுவது. பிள்ளைகளிடம் தவறாக நடந்தவர் விஷயத்திலும் அப்படித்தான், அவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும். முதல் வேலை பாதுகாப்பு. இலங்கையில் உதவிக்கு அழைக்கும் இலக்கங்கள்: பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929, பொலிஸுக்கு 119. வீட்டு வன்முறைக்கு எதிராக 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மறைப்பவர்கள் அந்தப் பிள்ளையைவிடப் பெயரைப் பெரிதாக நினைக்கிறார்கள். மனந்திரும்புதல், மன்னிப்பு எல்லாவற்றையும் பிறகு பேசலாம்.

பேசிய பிறகு

அடுத்த ஞாயிறு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். "என்ன பேசினீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்பவர்களுக்கு "சும்மாதான்" போதும். ஜெபக் குறிப்பு என்ற பெயரிலும் அது வெளியில் போகக் கூடாது. "அந்த அண்ணனுக்காக ஜெபிச்சுக்கொள்ளுங்க, ஒரு பிரச்சினை" என்பது பாதிக் கதையைத் திறந்துவிடும், மீதியை ஊர் எழுதிக்கொள்ளும். குடியை விட முயல்கிறவர் என்றால் சம்பள நாள் மாலை அவரோடு வீடுவரை நடந்து போங்கள், அவர் வீட்டில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள். தண்டனை போதும், இனி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோவான் என்று 2 கொரிந்தியர் 2இல் பவுல் எழுதியது இந்தக் கட்டத்துக்குத்தான்.

உங்களைத் திருத்த ஒருவர் வந்தாலும் இதே ஒழுங்கு. சொன்ன விதம் சரியில்லை என்று விஷயத்தைத் தள்ளிவிடாதீர்கள். அந்த நேரத்தில் பதில் வராவிட்டால் "சொன்னதுக்கு நன்றிங்க, யோசிச்சுப் பாத்துட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லுங்கள். சொன்னபடி ஒரு வாரத்துக்குள் நீங்களாகவே அவரைத் தேடிப் போங்கள். அவர் சொன்னதில் எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்று அப்போது பேசிக்கொள்ளலாம்.